அணைத்தால் திரும்ப வருமா?

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிற தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்கள் சாவிக்கொத்தில் ஒரு பென்டிரைவ் தொங்குகிறதே, அதைக் கண்டாலே எனக்குப் பயம். அதற்குள் ஒரு புது ஆபரேட்டிங் சிஸ்டம் தயாராக இருக்கிறது. வாடிக்கையாளர் என்ன கோளாறு என்று சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அதை உருவிவிடுகிறீர்கள். முன்பெல்லாம் சண்டியர்கள்தான் இடுப்பில் எதையாவது செருகிக்கொண்டு இப்படித் திரிவார்கள்.

உங்களிடம் இருப்பது இரண்டே வைத்தியம். ஒன்று, மெமரி பற்றவில்லை என்று ரேம் கூட்டிப் போடுவது. அது பலிக்காவிட்டால் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து ஃபார்மட் அடிப்பது. இரண்டும் பலிக்காவிட்டால், “இது ரொம்பப் பழசுங்க, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்குங்க” என்று புத்திமதி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடத்தைக் குறை சொல்லியே பிழைத்துவிடலாம் என்று ஒரு தலைமுறையே கிளம்பியிருக்கிறது.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். கோயம்புத்தூரில் பஞ்சாலை, பவுண்டரி, லேத் பட்டறை, ஆஸ்பத்திரி என்று கம்ப்யூட்டர் இருக்கிற இடமெல்லாம் அதன் முதுகைத் திறந்து பார்த்தவன். நீங்கள் பார்த்துச் சிரிக்கிற பழைய பெட்டிகள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் யாரும் அதை வைத்திருக்கவில்லை. அதன் பின்னால் ஒரு கம்பி போகும். அந்தக் கம்பியின் மறுமுனையில் ஒரு பெரிய இயந்திரம் இருக்கும். அந்த இயந்திரத்துக்கு வேறு மூளை கிடையாது. கம்பி எங்கே போகிறது என்று பார்க்காமல் பெட்டியைத் திறக்கிறவனைப் பழுதுபார்ப்பவன் என்று நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் விட்டுவிடுகிறேன். அவர் எந்த இடத்துக்குப் போனாலும் பெட்டியைத் தொடமாட்டார். முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “கடைசியா இதுல கை வெச்சது யாருங்க?” என்பார். பதிலைக் கேட்ட பிறகுதான் திருப்புளி வெளியே வரும். பாதிக் கோளாறு அந்தப் பதிலிலேயே இருக்கும். உங்களில் ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஏனென்றால் பல இடங்களில் கடைசியாகக் கை வைத்தவர் நீங்களாகத்தான் இருக்கிறீர்கள்.

சென்ற கோடையில் நடந்ததைச் சொல்கிறேன்.

பல்லடத்திலிருந்து தாராபுரம் போகிற வழியில் ஒரு நாட்டுக்கோழிப் பொரிப்பகம் இருக்கிறது. உரிமையாளர் பெயர் சகுந்தலா. வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் நம் ஊர்த் தமிழ், கோழிகளிடம் இரண்டும் கலந்து பேசுகிறவர். பெருவிடை என்கிற நாட்டுக்கோழி இனத்தில் நல்ல எலும்பும் நல்ல நடையும் நோய் தாங்குகிற உடம்பும் உள்ளதாகப் பொறுக்கிப் பொறுக்கி, பல வருஷமாக ஒரு வம்சத்தையே உண்டாக்கி வைத்திருந்தார். உடுமலைப்பேட்டையிலிருந்துகூட வந்து சேவல் கேட்பார்கள். சேவலைக் கொடுக்கமாட்டார், குஞ்சைத்தான் கொடுப்பார்.

அந்தக் கோடையில் ஒரு மத்தியானம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் கிளம்பவில்லை. மூடின ஷெட்டுக்குள் விசிறி நின்று அனல் ஏறித் தாய்க்கோழிகளும் சேவல்களும் மொத்தமாகச் செத்துப்போயின. தனி பேட்டரி இருந்த அடைகாக்கும் இயந்திரத்தில் அதற்கு முன்பே வைத்த முட்டைகள் மட்டும் மிச்சம். அந்த முட்டைகள் பொரித்தால் வம்சம் உண்டு, இல்லாவிட்டால் அதோடு முடிந்தது. சகுந்தலா அன்று அழவில்லையாம். நேராக இயந்திர அறைக்குப் போய்க் கதவின் கண்ணாடி வழியாக முட்டைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாராம்.

அந்த இயந்திரம் ஒரு அறை அளவுக்குப் பெரிய பெட்டி. வெளிநாட்டில் ஒருவர் வைத்திருந்து கழித்ததை வாங்கி இறக்கியது. சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு, முட்டைத் தட்டுகளை எப்போது சாய்க்க வேண்டும் என்று எல்லாவற்றையும் பக்கத்தில் இருக்கிற ஒரு பழைய கம்ப்யூட்டர்தான் பார்த்துக்கொள்ளும். அதில் ஓடுவது உங்களில் பலர் பிறந்த காலத்து ஆபரேட்டிங் சிஸ்டம். இயந்திரத்துக்கான மென்பொருளை எழுதின கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. சிடியும் கிடையாது, கேட்க ஆளும் கிடையாது. அந்தக் கம்ப்யூட்டரை முதன்முதலில் அங்கே உட்கார வைத்தவன் நான் என்பதால் எனக்கு இதெல்லாம் தெரியும்.

அடை வைத்துக் கடைசி வாரத்தை நெருங்கும்போது சகுந்தலாவிடமிருந்து போன் வந்தது.

“ஏனுங்ணா, ஊட்டுல இருக்கறீங்களா? கார் அனுப்பறேனுங்க. கொஞ்சம் வந்துட்டுப் போங்க.”

“என்னாச்சுங்க அம்மணி?”

“மெஷின் நெனச்சா ஓடுது, நெனச்சா நின்னு போகுதுங்ணா. கார்த்திகேயன் வந்ததுல இருந்து மல்லுக்கட்டிட்டு இருக்காரு. எனக்கென்னமோ பயமா இருக்குதுங்க.”

கார்த்திகேயனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வயதுக்காரர். காந்திபுரத்தில் கடை. நெஞ்சில் கடையின் பெயர் பொறித்த பனியன், தோளில் லேப்டாப் பை, வாயில் எப்போதும் ‘சேரிங்க, சேரிங்க’. பழகுவதற்குத் தங்கமான மனுஷன். பழகுவதற்குத் தங்கமாக இருக்கிறவர்கள் நம் தொழிலில் செய்கிற நாசத்தைச் சிடுமூஞ்சிகள் ஒருநாளும் செய்ததில்லை.

நான் போனபோது அறைக்குள் மூன்று பேர் இருந்தார்கள். சகுந்தலா சுவரோரமாக நின்றார். கார்த்திகேயன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். இயந்திரத்தின் கதவருகே வெப்பமானியைக் கையில் பிடித்தபடி சூப்பர்வைசர் ஆரோக்கியசாமி. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகாமல் முட்டைகளோடு கிடக்கிறவர். கண் சிவந்து கிடந்தது.

நானும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கடைசியாக என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கார்த்திகேயன் ஒளிக்காமல் சொன்னார். மெஷின் கொஞ்சம் மெதுவாக இருக்கிறது என்று சகுந்தலா சொல்லியிருக்கிறார். மெதுவாக என்றால் என்ன, பழைய கணக்குத் திரையைத் திறந்தால் வருவதற்கு நேரமாகிறது, அவ்வளவுதான். முட்டைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. கார்த்திகேயன் உடனே பழைய ரேமைக் கழற்றிவிட்டு, அதைப்போலப் பல மடங்கு பெரிய ரேம் இரண்டைப் போட்டுவிட்டார். மிச்சமிருப்பது அந்த முட்டைகள் மட்டும்தான், அடை நடந்துகொண்டிருக்கிறது, மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் போய் வேகம் கூட்டியிருக்கிறார். பிரசவ அறைக்குள் புகுந்து வெள்ளையடிக்கிற மாதிரி.

போட்டுவிட்டு ஆன் செய்தால், துவங்குவதற்குப் போதுமான மெமரி இல்லை என்று திரையில் எழுத்து வந்து நின்றுவிட்டது.

“மெமரி பத்தலைன்னு மெஷினே சொல்லுதுங்க சார். அதனால திரும்பக் கோயம்புத்தூர் போயி இன்னும் பெருசா ரெண்டு வாங்கியாந்தேனுங்க.”

“போட்டீங்களா?”

“போட்டேனுங்க. அப்பவும் பத்தலைங்குதுங்க.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அந்தக் காலத்து ஆபரேட்டிங் சிஸ்டம் ஒற்றை அறையில் குடியிருப்பவன் மாதிரி. நீங்கள் பெரிய பீரோ ஒன்றை வாங்கிக் கொடுத்தால் அதை நடுவீட்டில் வைத்துக்கொண்டு, படுக்க இடமில்லை என்பான். கிடைத்த மெமரிக்குத் தகுந்தாற்போல் தனக்கென்று ஒரு பங்கை எடுத்து வைத்துக்கொள்வது அதன் பழக்கம். மெமரி அளவுக்கு மீறினால் அந்தப் பங்கும் வீங்கி, மிச்ச வேலைக்கு இடமில்லாமல் போய்விடும். அப்போது அது, பற்றவில்லை என்று சொல்லும். கார்த்திகேயன் அதைக் கேட்டு இன்னும் பெரிய பீரோவைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். மெஷின் என்ன சொல்கிறது என்று படிக்கத் தெரிந்தால் போதாது. அதைச் சொல்கிறவன் எப்பேர்ப்பட்டவன் என்றும் தெரிய வேண்டும்.

கடைசியில் எதேச்சையாக, முதலில் வாங்கிய இரண்டில் ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்திருக்கிறார். ஓடியது. அங்கேயாவது நின்றாரா என்றால், அதன் பிறகுதான் உண்மையான தலைவலி ஆரம்பமாகியிருக்கிறது. கொஞ்ச நேரம் நன்றாக ஓடும், பிறகு திரை நீலமாகி உறைந்துவிடும். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் சொல்லும்.

“ஒவ்வொரு தடவையும் வேற வேறயாவா?” என்றேன்.

“ஆமாங்க சார். ஓஎஸ் மொத்தமாக் கெட்டுப்போச்சுங்க. அதான் டிஸ்க்க ரிப்பேர் பண்ற புரோகிராமப் போட்டு எல்லாத்தையும் சரி பண்ணச் சொன்னேனுங்க. அதுக்கப்பறம் இன்னும் மோசமாப் போச்சுங்க.”

இங்கேதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. நீங்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். மென்பொருள் கெட்டால் ஒரே இடத்தில்தான் இடறும், படியில் ஒரு கல் பெயர்ந்த மாதிரி. மெமரி கெட்டால் குடிகாரன் மாதிரி எங்கே வேண்டுமானாலும் விழும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பிழை என்றால் மெமரியைச் சந்தேகிக்க வேண்டும். மெமரி மேல் சந்தேகம் வந்துவிட்டால் டிஸ்க்கில் ஒரு எழுத்துக்கூட எழுதக் கூடாது. டிஸ்க்குக்குப் போகிற ஒவ்வொன்றும் மெமரி வழியாகத்தான் போகிறது. கலங்கல் தண்ணீரில் பாத்திரம் கழுவுகிறவன்தான் அந்த நிலைமையில் ரிப்பேர் புரோகிராம் ஓட்டுவான். இந்த மனுஷர் ஓட்டிவிட்டு, இப்போது மேஜைமேல் பென்டிரைவையும் எடுத்து வைத்திருந்தார்.

“அது எதுக்குங்க?”

“ஃபார்மட் பண்ணி, புது ஓஎஸ் ஏத்திரலாமுங்க சார். அதுதான் கிளீனுங்க.”

“ஏத்துனதுக்கு அப்பறம் அடைகாக்கற சாஃப்ட்வேரை எங்கிருந்துங்க கொண்டாருவீங்க?”

அவர் கம்பி எங்கே போகிறது என்று அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

ஆரோக்கியசாமி மெதுவாக, “சார், முந்தாநேத்து காலைல ஹீட்டர் எரிஞ்சபடியே கம்ப்யூட்டர் நின்னுபோச்சுங்க. டீ குடிச்சுப்போட்டு வர்றதுக்குள்ள உள்ள அனலா இருந்துச்சுங்க. ஓடிப்போயி கை சுவிட்சுல மாத்துனனுங்க. அதுக்குள்ள இவரு திரும்ப ஸ்டார்ட் பண்ணிப்போட்டாருங்க, அது மறுபடியும் ஹீட்டரைப் போடுதுங்க” என்றார்.

இதுதான் இருந்த நிலைமை. பாதி நேரம் கம்ப்யூட்டர் ஓட்டுகிறது, பாதி நேரம் மனுஷன் ஓட்டுகிறான். யார் கையில் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. ஒரு கெட்டுப்போன மெஷினால் வருகிற ஆபத்தைவிட, அரைகுறையாக ஓடுகிற மெஷினால் வருகிற ஆபத்து பெரியது. செத்த மெஷினை யாரும் நம்ப மாட்டார்கள். அரை உயிரோடு இருப்பதை நம்பி டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

“கம்ப்யூட்டரை அணைச்சுப்போடலாமுங்க. இயந்திரத்தை முழுசா கைக்கு மாத்திக்குங்க,” என்றேன்.

கார்த்திகேயன் எழுந்தே விட்டார். “சார், சரி பண்ணத்தானுங்க உங்களக் கூப்பிட்டது. நீங்க வந்து அணைக்கச் சொல்றீங்க? இந்த வயசான மெஷின அணைச்சா திரும்ப எந்திரிக்காதுங்க சார். இப்ப ஏதோ ஓடுதல்லீங்களா?”

அதில் பாதி உண்மை இருந்தது. பல வருஷமாக அணைக்காமலே ஓடுகிற மெஷின்கள் அணைத்தால் சில சமயம் அப்படியே போய்விடும். அவர் அதை இரண்டு மூன்று தடவை அணைத்து ஏற்றிவிட்டதால் இதுவரை அதிர்ஷ்டம் இருந்தது. அதிர்ஷ்டத்துக்கு எத்தனை தடவை கணக்கு என்று எனக்கும் தெரியாது.

சகுந்தலா சுவரை விட்டு முன்னால் வந்தார்.

“அணைச்சா திரும்ப வருமாங்ணா?”

நம் ஊரில் இந்தக் கேள்விக்கு எல்லோரும் சொல்கிற பதில் ஒன்று உண்டு. ‘வந்துருமுங்க, ஒண்ணும் பயப்படாதீங்க.’ கேட்கிறவருக்கு மனசு நிறையும். சொல்கிறவருக்குக் காப்பி வரும். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

“தெரியாதுங்க அம்மணி. வரலாம், வராமலும் போகலாம். ஆனா அணைக்காம உட்டா என்ன ஆகும்னு தெரியுமுங்க. திரும்பவும் ஒருக்கா ஹீட்டர் எரிஞ்சபடி நிக்கும். முட்டை அவிஞ்சு போகும்.”

அவர் ஆரோக்கியசாமியைப் பார்த்தார்.

“பொரிக்கற வரைக்கும் கையிலயே ஓட்ட முடியுமாங்க?”

“ரெண்டு பொம்பளைங்கள ஒத்தாசைக்குப் போட்டீங்கன்னா ஓட்டிப்போடலாமுங்க்கா. தட்டு திருப்பற லீவர் கையிலயும் போகுமுங்க. ஆனா தூக்கமில்லாமப் பாக்கோணுமுங்க.”

சகுந்தலா கண்ணாடிக் கதவருகே போய் முட்டைகளை ஒருமுறை பார்த்தார். பிறகு, “அணைச்சுருங்ணா” என்றார்.

அணைத்து, இயந்திரத்துக்குப் போகிற கம்பியையும் கழற்றினேன். கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தம் நின்றதும் அந்த அறை ஒரு மாதிரி ஆகிவிட்டது. எனக்குப் பயமாக இருந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும்? தைரியசாலிகளை நான் இந்தத் தொழிலில் நம்புவதில்லை. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறாமல் இருப்பதும் பயப்படாமல் இருப்பதும் ஒன்றல்ல.

பெட்டியைத் திறந்து ரேமைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். என் தொழில் வாழ்க்கையில் ரேமில் தூசு பார்த்திருக்கிறேன், பூஞ்சை பார்த்திருக்கிறேன், கரப்பான்பூச்சி முட்டைகூடப் பார்த்திருக்கிறேன். சந்தனம் குங்குமம் பார்த்தது அன்றுதான். பச்சைப் பலகையின் நடுவில் ஒரு பொட்டு, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு பொட்டு, அவ்வளவு அழகாக வைத்திருந்தது. நடுப்பொட்டின் சந்தனம் ஈரத்தோடு வழிந்து, கீழே தங்கப் பூச்சுப் பற்கள் வரிசையில் இறங்கி அப்படியே காய்ந்து கிடந்தது. மெஷின் குளிர்ச்சியாக இருக்கும்வரை தொடர்பு கிடைக்கும். சூடேற ஏற விட்டுப்போகும். ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் குற்றம் சொன்னார்களே, பாவம், அது சந்தனத்தைத் தாண்டி எப்படி ஓடும்?

“இது யாருங்க வெச்சது?”

“நாந்தானுங்ணா,” என்றார் சகுந்தலா. “புதுசா ஒரு சாமான் மெஷினுக்குள்ள போகுது, சாமி முன்னால வெச்சு எடுத்தாந்து பொட்டு வெச்சேனுங்க. அன்னைக்கு வெள்ளிக்கெழம. இருக்கற நெலமைல சாமியும் கூட இருக்கட்டுமேன்னுதானுங்க.”

நம் பக்கத்தில் இது புதிதல்ல. புது வண்டிக்கு வைப்போம், புது மோட்டாருக்கு வைப்போம், புதுத் தறிக்கு வைப்போம். இரும்பு அதையெல்லாம் தாங்கும். கோழிகளைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிற ஒருவர் கும்பிட்டு வைத்த பொட்டை நான் கேலி செய்ய மாட்டேன். அவருக்கு ரேம் என்றால் என்னவென்று தெரியவேண்டிய அவசியமில்லை. தெரிந்த ஆள் பக்கத்திலேயே நின்றிருக்கிறார்.

கார்த்திகேயனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். பொட்டு வைக்கும்போது தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது அவர்தான். ‘சேரிங்க்கா, நல்லா வெச்சுக்குங்க்கா’ என்று சொல்லியிருக்கிறார். வைத்த பொட்டைச் சகுந்தலா எதிரிலேயே அழித்தால் அபசகுனமாகிவிடும் என்று துடைக்காமல் அப்படியே ஸ்லாட்டில் அழுத்தியிருக்கிறார். பிறகு மெஷின் உறையத் தொடங்கியபோதும் சந்தேகம் வராமலில்லை. அதைச் சொன்னால் அந்த அம்மாவைக் குற்றம் சொன்ன மாதிரி ஆகுமே என்று டிஸ்க்கை ரிப்பேர் செய்திருக்கிறார். மரியாதைக்குப் பயந்து ஒரு பொய்யான நோயைக் கண்டுபிடித்து அதற்கு வைத்தியமும் பார்த்திருக்கிறார். தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பது இதுதான்.

நம் ஊரார் மரியாதைக்குப் பேர்போனவர்கள். ஒரு வாக்கியத்தில் நாலு ‘ங்க’ போடுவோம். நல்ல குணம்தான். ஆனால் அந்த ‘ங்க’வைப் போட்டுக்கொண்டே ‘வேண்டாமுங்க’ என்றும் சொல்லலாம் என்பது ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை? பொட்டைப் பெட்டியின் வெளியில் வைத்துக்கொள்ளலாமுங்க என்று ஒரு வார்த்தை. அதற்கு எந்தப் படிப்பும் தேவையில்லை.

மிச்ச வேலையை நான் விவரிக்கப்போவதில்லை, அது உங்களுக்கே தெரியும். பழைய ரேம் நல்லவேளையாகக் கார்த்திகேயனின் பையிலேயே கிடந்தது. ஸ்லாட்டைச் சுத்தம் செய்து அதையே திரும்பப் போட்டேன். ஆனால் உடனே ஆன் செய்யவில்லை. முதலில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, அவருடைய லேப்டாப்பில் மாட்டி முழுசாக ஒரு நகல் எடுத்த பிறகுதான் அடுத்த வேலை. அவர் கொண்டுவந்ததில் உருப்படியாகப் பயன்பட்டது அந்த லேப்டாப் ஒன்றுதான். ரிப்பேர் புரோகிராம் பழைய கணக்குகளைக் கண்டபடி கத்தரித்திருந்தது. அடைகாக்கிற மென்பொருளை மட்டும் எப்படியோ தொடாமல் விட்டிருந்தது. தெய்வம் எங்கேயாவது கூட இருந்ததென்றால் அந்த இடத்தில்தான் இருந்திருக்கும்.

ஆன் செய்தபோது மெஷின் எழுந்தது. கார்த்திகேயன் கையைத் தட்டினார். சகுந்தலா உடனே இயந்திரத்தோடு இணைக்கச் சொன்னார்.

“மாட்ட மாட்டேனுங்க,” என்றேன்.

“ஏனுங்ணா? ஓடுதல்லீங்களா?”

“முந்தாநேத்தும் ஓடுச்சுங்க.”

அவருக்கு என்மேல் கோபம். ஆரோக்கியசாமி வீட்டுக்குப் போகாமல் நிற்கிறார், பெண்கள் முறை வைத்துத் தட்டுத் திருப்புகிறார்கள், வெளியில் வெயில் கொளுத்துகிறது, கம்ப்யூட்டர் கண்முன்னால் ஓடுகிறது, இந்த ஆள் மாட்ட மாட்டேன் என்கிறான். அவர் இடத்தில் இருந்தால் நானும் கோபித்திருப்பேன். மறுநாள் மத்தியானம் வரை மெமரியை மட்டும் திரும்பத் திரும்பச் சோதித்தேன். ஒரு பிழையும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கம்பியை மாட்டினேன். எழுந்து நின்றதையே குணமாகிவிட்டது என்று நினைக்கிறவர்கள் உங்களில் அதிகம். காய்ச்சல் விட்டவனை அன்றைக்கே மூட்டை தூக்க அனுப்புகிற புத்தி அது.

முட்டைகள் பொரிந்தன. எல்லாம் இல்லை, பாதிக்கும் குறைவுதான். அதில் சேவலும் இருந்தது, பெட்டையும் இருந்தது. வம்சம் தப்பியது, இன்றைக்கும் இருக்கிறது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது, கடைசியில் கேட்டால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நீங்கள் மனசை ஆற்றிக்கொண்டு எழுந்து போய்விடக் கூடாது என்பதற்காகத்தான்.

பொரித்த அன்று நானும் போயிருந்தேன். கார்த்திகேயனும் வந்திருந்தார். அவர் மனசு கேட்காமல்தான் வந்தார், அதை நான் மறுக்கவில்லை. குஞ்சுகளைக் கூடையில் எடுத்து அந்தப்பக்கம் கொண்டுபோன பிறகு, பொரிக்காத முட்டைகள் தட்டு தட்டாக மிச்சமிருந்தன. ஆரோக்கியசாமி ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தார். பொரிப்பகத்தில் அப்படித்தான் செய்வார்கள். உள்ளே குஞ்சு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்தால் எந்த நாளில் உயிர் போனது என்று தெரிந்துவிடும். பல முட்டைகளில் உருவம் முழுசாக இருந்தது. இறகு முளைக்கத் தொடங்கியிருந்தது. எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு.

“எல்லாம் அந்த ஹீட்டர் எரிஞ்ச அன்னைக்குப் போனதுங்க்கா,” என்றார் ஆரோக்கியசாமி.

சகுந்தலா குனிந்து அந்தத் தட்டைப் பார்த்தார். பிறகு திரும்பினார். குரலை உயர்த்தவில்லை, மரியாதையையும் குறைக்கவில்லை.

“ஏனுங்க கார்த்தி, பொட்டு வெக்கறப்பவே அது ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்க?”

“தெரியுமுங்க்கா.”

“அப்பறம் ஏனுங்க ஒரு வார்த்த சொல்லல?”

“நீங்க ஏற்கெனவே நொந்து போயிருந்தீங்க. சொன்னா மனசு சங்கடப்படுவீங்கன்னுதானுங்க்கா…”

சகுந்தலா செத்த குஞ்சுகள் கிடந்த தட்டை எடுத்து அவருடைய இரண்டு கைகளிலும் வைத்தார்.

“இந்தாங்க. அத இதுககிட்டச் சொல்லுங்க.”

சகுந்தலா பொரிந்த குஞ்சுகள் இருந்த அறைக்குப் போய்விட்டார். கார்த்திகேயன் தட்டைக் கீழே வைக்கத் தெரியாமல் நின்றார். எங்களில் யாரும் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொள்ளவில்லை.